ஏசி வாங்குறதுக்கு முன்னாடி மொட்டை மாடியைப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வெயில் காலம் வந்தாலே பத்திரிகையில ஏசி வாங்கும்போது எதைக் கவனிக்கணும், எத்தனை ஸ்டார் பாக்கணும், எத்தனை டன் போடணும்னு கட்டுரை வந்துருது, பக்கத்துலயே அரைப் பக்கத்துக்கு ஏசி விளம்பரமும் வருது. அதைத் தப்புன்னு சொல்லலைங்க, முடியாதவங்க வாங்கத்தான் செய்வாங்க. ஆனா அந்த ரூமுக்குள்ள இம்புட்டு சூடு எங்கிட்டு வழியா வருது, அதை வரவிடாம தடுக்க என்ன வழின்னு ஒரு பக்கம் போட்டா எத்தனையோ குடும்பத்துக்குப் பிரயோஜனமா இருக்கும். நான் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் சின்னச் சின்ன வீடு கட்டிக் குடுக்குறது, பழைய வீட்டுல ரிப்பேர் வேலை பாக்குறதுன்னு இருக்கிற ஆளு. வருஷா வருஷம் கத்திரி வெயில்ல மொட்டை மாடியில நின்னு வேலை பாக்குறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், வீட்டுக்காரங்களுக்குத்தான் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டேங்குறாங்க, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருந்தாலும் முழுசா போடணும்னு கேட்டுக்கிறேன்.

நம்ம பக்கம் கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. அதனால ஏப்ரல் நடுவுல ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில ஒரு தடவை மத்தியானத்துல சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல நிக்கும், நட்டு வச்ச கம்பிக்கு நிழலே விழாது. அந்த ரெண்டு சமயம்னு இல்ல, மார்ச்லேருந்து செப்டம்பர் வரைக்கும் உச்சி வெயில் மேலேருந்தேதான் இறங்குது. சுவத்துல படுறது சாய்ஞ்ச வெயிலு, அதுக்கும் சன்ஷேடு இருக்கு, பக்கத்து வீட்டு நிழல் இருக்கு, வாசல்ல வேப்பமரம் இருந்தா அதுவும் இருக்கு. கூரைக்கு ஒண்ணுமே கிடையாது. காலையில எட்டு மணிக்குப் படுற வெயிலு சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அது மேலதான். மேல் மாடி ரூமும் கீழ் ரூமும் ஒரே சைஸ், ஒரே ஜன்னல்தான், ஆனா மேல மட்டும் அனலா இருக்கே, அதுக்கு இதைத் தவிர வேற காரணம் இல்ல.

ஏசிக் கடைக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். போய் நின்னதும் ரூம் அளவைக் கேப்பாங்க, அடுத்த கேள்வி "மேல மொட்டை மாடியா, இல்ல இன்னொரு மாடி இருக்கா"ன்னுதான். மொட்டை மாடின்னு சொல்லிட்டா ஒரு டன்னு போதும்ங்கிற ரூமுக்கு ஒன்றரை டன்னு போடச் சொல்லுவாங்க. அதாவது கூரை வழியா வர்ற சூட்டை வெளிய தள்ளுறதுக்குன்னே அரை டன்னு கூட வாங்குறோம், அதுக்குக் கூட கரண்டு, கூட பில்லு, அந்த ஏசி ஓடுற வருஷம் பூராவும். அந்தக் காசை ஒரு தடவை கூரையில போட்டா என்னங்க?

கான்கிரீட்டைப் பத்தியும் சொல்லணும். இப்ப எல்லாரும் அஞ்சு இஞ்ச் கான்கிரீட் தளம்தான் போடுறோம், உறுதிக்கு அது நல்ல சாமான்தான். ஆனா சூட்டைக் கடத்துறதுலயும் அது கெட்டி, சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிறதுலயும் கெட்டி. ஒரே கனத்துல கான்கிரீட்டையும் தெர்மாகோலையும் வச்சுப் பாத்தா கான்கிரீட் வழியா சுமார் நாப்பது மடங்கு சூடு கடந்து போகும். பகல் பூரா வெயிலைக் குடிச்ச தளம், அடுப்பை அணைச்சப்புறமும் காய்ஞ்சுக்கிட்டே கிடக்குற தோசைக்கல் மாதிரி, பொழுது சாய்ஞ்சப்புறம்தான் உள்ள இறக்க ஆரம்பிக்குது. வெளிய காத்து வந்துரும், தெருவுல நின்னா சிலுசிலுன்னு இருக்கும், வீட்டுக்குள்ள ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேனைப் போட்டா மேல கிடக்கிற அனலை அள்ளிக் கீழ கொட்டுது. குழந்தைங்க தூக்கம் கெட்டு அழுவுது, வயசானவங்க எந்திரிச்சு வாசப்படியில வந்து உக்காந்துக்குறாங்க.

இதுக்கு அளவு இருக்கு. ஒரு கூரை எவ்வளவு சூட்டை உள்ள விடுதுங்கிறதை யூ-வேல்யூன்னு சொல்லுவாங்க, நம்பர் குறைஞ்சா நல்லது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது மூணுக்கு மேல வரும். மத்திய அரசோட எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇ 2018ல வீடுகளுக்குன்னு எக்கோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு விதித் தொகுப்பு கொண்டுவந்துச்சு, அதுல கூரையோட யூ-வேல்யூ 1.2ஐத் தாண்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. நல்ல விதி. ஆனா அது 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் மனை உள்ள கட்டடத்துக்குத்தான். நம்ம ஊர்ல ஒன்றரை சென்டு, ரெண்டு சென்டுல கட்டுறவனுக்கு அந்த விதியும் இல்ல, சொல்லிக்குடுக்க ஆளும் இல்ல. அதிகமா வேகுறவன் அவன்தான்.

நம்ம செட்டிநாட்டுக்காரங்க இதை ஒண்ணும் வெளிநாட்டுலேருந்து கத்துக்க வேண்டியதில்ல. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி எங்க வேணாலும் போய் பழைய வீட்டுக்குள்ள மே மாசம் மத்தியானம் நில்லுங்க. தரையில ஆத்தங்குடிக் கல்லு, சுவத்துல சுண்ணாம்புப் பூச்சு இதையெல்லாம் போட்டோ புடிச்சுப் போட்டுடுறாங்க, மேல என்ன வேலை நடந்திருக்குன்னு யாரும் அண்ணாந்து பாக்குறதில்ல. நாட்டு ஓட்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கடுக்கா ஏத்தியிருப்பாக, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல காத்து நிக்கும், சூடேறின காத்து இடுக்கு வழியா வெளிய போயிரும், அதுக்குக் கீழ ஓட்டைத் தாங்குற கைமரம், ரீப்பருக் கட்டை, அதுக்கும் கீழ ரூமுக்கு மேல பலகை போட்டு மச்சு. ஓட்டுச் சூடு அந்த மச்சுக்கு மேலயே நின்னுரும். மட்டத் தளம் போட்ட இடத்துல மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்தரத்து மேல செங்கலை நட்டக்குத்தலா வச்சு, சுண்ணாம்பு ஜல்லியைக் கொட்டி நாள்கணக்கா கட்டையால அடிச்சு, மேல தட்டோடு பதிச்சிருப்பாக. இதெல்லாம் பர்மாவிலேருந்தும் மலேயாவிலேருந்தும் சம்பாதிச்ச காசு இருந்ததால செஞ்சதுன்னு சிலபேர் சொல்லுவாங்க, காசு இருந்தது உண்மைதான், ஆனா காசை எங்க போடணும்னு தெரிஞ்சும் செஞ்சிருக்காக. வளவுல, அதாவது வீட்டு நடுக்கட்டுல, நடுவாசல் திறந்து கிடக்கிறதால உள்ள இருக்கிற சூடு ராத்திரி மேல போயிரும், ஓடு லேசான சாமான்ங்கிறதால பொழுது இறங்குன கொஞ்ச நேரத்துலயே ஆறிரும். தடுக்கிறதும் வெளிய விடுறதும் ரெண்டும் சேந்துதான் அந்தக் குளிர்ச்சி.

அந்த வீடுகளுக்குத்தான் இப்ப கேடு வருது. 2014லேருந்து செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல இருக்கு, ஆனா ஓட்டைப் பிரிச்சு லாரியில ஏத்துறது நிக்கலை. அவங்களையும் குறை சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஓடு மாத்த ஆள் கிடைக்கிறதில்ல, பங்காளி நாலு ஊர்ல இருப்பாக, ஒழுகுறது மட்டும் இங்க ஒழுகும். கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டுல ரெண்டாங்கட்டு, அதாவது வளவுக்குப் பின்னாடி உள்ள பகுதி, ஒழுகுதுன்னு கூப்பிட்டாக, போயிருந்தேன். வீட்டுல ஆச்சி ஒரு ஆளுதான், பிள்ளைக எல்லாம் வெளியூர்ல.

"ஏம்ப்பா, இந்த ஓட்டைப் பூரா பிரிச்சுட்டு தகரத்தைப் போட்டுருவமா? ஒரே செலவோட போயிரும்ல"ன்னு கேட்டாக.

"தகரம் போட்டா மழைக்கு ஆகும் ஆச்சி, மத்தியானம் இங்கிட்டு யாரும் உக்கார முடியாது. இப்ப நீங்க படுக்குற இடமே இதுதான"ன்னேன்.

"அதுக்கு என்னதான் செய்யச் சொல்ற, நான் ஒருத்தி எத்தனை ஓட்டைத்தான் மாத்துறது?"

பிள்ளைகளோட போன்ல பேசி, கடைசியில ஓட்டை இறக்கி, இத்துப்போன ரீப்பரை மாத்தி, ரீப்பருக்குக் கீழ அலுமினியம் ஃபாயில் ஒட்டுன பபிள் ஷீட்டைக் காத்து போறதுக்கு இடைவெளி விட்டுக் கட்டி, நல்ல ஓட்டை மட்டும் திரும்ப ஏத்தினோம். மச்சுப் பலகை மேல ராக்வூல் அட்டையை விரிச்சோம். அது கல்லை உருக்கி நூலாக்கிச் செய்யுற சாமான், தீப்பிடிக்காது, விரிக்கும்போது மட்டும் மூக்குல துணி, கையில உறை போட்டுக்கணும், இல்லைன்னா அரிச்சு எடுத்துரும். விரிக்கிறதுக்கு முன்னாடி மச்சுல கிடந்த வவ்வால் எச்சம், எலி வளை எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, பழைய வயரிங்கை மாத்தினோம். துணி சுத்தின பழைய வயரு மேல எதையும் போட்டு மூடக்கூடாது, அது தனியா சூடாகும். ஆச்சி அந்தக் கோடையில மத்தியானம் அதே இடத்துலதான் படுத்தாக, முகப்புக்குப் போகலை. மச்சு வச்ச வீடு உள்ளவங்க எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுவேன், ஓட்டைக் காப்பாத்துங்க, மச்சு மேல போடுங்க.

வெளிநாட்டுலயும் இதேதான் செய்யுறாங்க. அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஊரு பிள்ளைககிட்ட கேட்டா, வீட்டுக் கூரைக்கும் மேல் சீலிங்குக்கும் நடுவுல அட்டிக்னு ஒரு இடம் இருக்கும், அதுல இன்சுலேஷன், அதாவது சூட்டைத் தடுக்கிற சாமான், எவ்வளவு கனத்துக்கு இருக்குன்னு பாத்துதான் வீடே வாங்குவாங்கன்னு சொல்லுவாங்க. அங்க அதை ஆர்-வேல்யூன்னு அளக்குறாங்க, அது கூடுனா நல்லது. அதிகக் குளிர் இல்லாத மயாமி மாதிரி ஊருக்கே அட்டிக்ல ஆர்-30 வேணும்னு அவங்க கட்டட விதி சொல்லுது, குளிர் ஊருகளுக்கு ஆர்-60 வரைக்கும் போகுது. கவனிங்க, மயாமியில குளிருக்காகப் போடலை, வெயிலுக்காகத்தான் போடுறாங்க. பழைய வீடா இருந்தா முதல்ல லைட்டு ஓட்டை, பைப்பு ஓட்டை, காத்து கசியுற சந்து எல்லாத்தையும் அடைப்பாங்க, அப்புறம்தான் மேல கொட்டுவாங்க, சந்தை அடைக்காமப் போட்டா பாதிப் பலன்தான். உங்களுக்கு ஒண்ணு பிடிக்கும் ஐயா, அங்க கொட்டுற சாமான்ல ஒரு வகை பழைய நியூஸ்பேப்பரை அரைச்சுப் பஞ்சாக்கி, தீயும் பூச்சியும் பிடிக்காம இருக்க போரேட் உப்பு கலந்து செய்யுறது. படிச்சு முடிச்ச பேப்பரு வீட்டுக்கு மேல போய் வெயிலைத் தடுக்குது. நம்ம ஊர்ல அது கடையில எளிதாக் கிடைக்கிற சாமான் இல்ல, ஆனா யாராவது சிறுதொழிலா எடுத்துப் பண்ணலாம்னு தோணுது.

இனி கான்கிரீட் வீட்டுக்காரங்களுக்கு. நிறைய பேரு இதைத்தான் என்கிட்ட கேக்குறாங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒழுகலை நிறுத்துங்க. வெடிப்பு இருக்கா, தண்ணி வாட்டம் சரியா இருக்கா, கைப்பிடிச் சுவரு அடியில ஊறுதா பாருங்க. ஒழுகுற தளத்து மேல எதைப் போட்டாலும் தண்ணியைப் பூட்டி வச்ச மாதிரி ஆயி கம்பி துருப்பிடிச்சிரும்.

அடுத்து வெள்ளை. கையில காசு கம்மியா உள்ளவங்க இதை மட்டுமாவது செய்யணும். வெறும் சிமெண்ட் தளம் மேல படுற வெயில்ல மூணுல ஒரு பங்கைத்தான் திருப்பி விடும், மீதியைக் குடிச்சுக்கும். புதுசா அடிச்ச நல்ல வெள்ளைப் பெயிண்டு எண்பது சதவீதம் வரைக்கும் திருப்பி விடும். கூல் ரூஃப் பெயிண்டுன்னு கடையில விக்குது, அது முடியாதவங்க கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைச்சு, ஒட்டுறதுக்கு கொஞ்சம் பசை கலந்து பங்குனி மாசமே ரெண்டு கோட்டிங் அடிச்சு விடுங்க. மழை வந்தா சுண்ணாம்பு கரைஞ்சு போகும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்கணும். பெயிண்டா இருந்தாலும் தூசி படிஞ்சு கருத்துட்டா பலன் குறைஞ்சிரும், வெயிலுக்கு முன்னாடி ஒரு தடவை கழுவி விடணும். ஒரு நாள் கூலியோட முடியுற வேலை, அன்னைக்கு ராத்திரியே வித்தியாசம் தெரியும். இதைச் சொன்னா "சுண்ணாம்பு அடிச்சா என்னப்பா குறைஞ்சிரப் போகுது"ன்னு நம்ப மாட்டேங்குறாங்க. பாதி மாடிக்கு அடிச்சுட்டு மத்தியானம் ரெண்டு பக்கமும் வெறுங்காலை வச்சுப் பாருங்க, போதும்.

சுருக்கி, அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்து மேல போட்டு, அதுல தட்டோடு பதிக்கிறது நல்ல வேலை, நான் இன்னைக்கும் அதைத்தான் சிபாரிசு பண்றேன், ஆனா அதோட முக்கிய வேலை தண்ணியைத் தடுக்கிறது. மூணு இஞ்ச் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு சூட்டை ஓரளவு குறைக்கும், அதை மட்டும் வச்சு யூ-வேல்யூ 1.2க்குள்ள வர முடியாது. கூலிங் டைல்ஸ்னு இப்ப ஒட்டுறாங்களே, அதோட குளிர்ச்சி பெரும்பாலும் வெள்ளை நிறத்தால வர்றது, டைல்ஸ் கனத்தால இல்ல. காசு இருந்தா தளத்துக்கும் தட்டோட்டுக்கும் நடுவுல கெட்டியான இன்சுலேஷன் அட்டை ஒண்ணு வைங்க. எக்ஸ்பிஎஸ்னு கேட்டா குடுப்பாங்க, நடந்தாலும் அமுங்காது. தெர்மாகோல்னா பெட்டிக்குள்ள வர்ற லேசான சரக்கு ஆகாது, கட்டட வேலைக்குன்னு வர்ற அடர்த்தியான சரக்கு, தீ சட்டுன்னு பரவாத ரகமா கேட்டு வாங்கணும். ஒரு இஞ்ச் கனத்துக்கு வச்சாலே யூ-வேல்யூ மூணுக்கு மேலேருந்து ஒண்ணுக்குப் பக்கத்துல வந்துரும், ரெண்டு இஞ்ச் வச்சா அரைக்குப் பக்கத்துல போகும். ஒண்ணுமே இல்லாததுக்கும் முதல் இஞ்சுக்கும்தான் பெரிய வித்தியாசம், அதனால ரெண்டு இஞ்சுக்குக் காசு இல்லைன்னு விட்டுறாதீங்க.

வெளிப்பக்கம் போடுறது நல்லதா, உள்பக்கம் ஃபால்ஸ் சீலிங் போடுறது நல்லதான்னு கேக்குறாங்க. முடிஞ்சா வெளிப்பக்கம்தான். வெளிய போட்டா தளமே சூடேறாது, வெயிலுக்கும் குளிருக்கும் விரிஞ்சு சுருங்கி வெடிக்கிறதும் குறையும். உள்ள ஜிப்சம் போர்டு போட்டு மேல ராக்வூல் வச்சா தளம் சூடேறத்தான் செய்யும், அது ரூமுக்குள்ள இறங்குறது மட்டும் குறையும். வாடகை வீட்டுக்காரங்க, பழைய தளத்து மேல பாரம் ஏத்த முடியாதவங்க அதைச் செய்யலாம். அழகுக்குன்னு லைட்டு ஓட்டை போட்டு ஃபால்ஸ் சீலிங் பண்றாங்களே, அதுக்கு மேல ஒண்ணுமே வைக்கிறதில்ல, அந்த ஒரு வேலையோட ராக்வூலையும் சேத்துருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! மாடியில சோலார் பேனல் போடுறவங்களுக்கு இன்னொரு லாபம், பேனல் விழுற இடத்துல தளத்துக்கு நிழல். பிஎம் சூர்யா கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் மானியம் வருது, போடப் போறவங்க பேனலுக்கு அடியிலயும் முதல்லயே வெள்ளை அடிச்சுருங்க, அப்புறம் ஆள் உள்ள போக முடியாது.

ஷீட்டு வீடுகளைப் பத்தி நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ, மத்தியானம் ஒரு மணிக்கு உள்ள நிக்க முடியாது, அதுலதான் கைக்குழந்தையைத் தொட்டில்ல போட்டிருக்காங்க. ஆஸ்பெஸ்டாஸ்ல துளை போடாதீங்க, உடைக்காதீங்க, தேய்க்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனா புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். அதுக்கு மேல வெள்ளையை மெதுவா ரோலர்ல அடிக்கலாம். கீழ மூங்கில் வச்சு, ஷீட்டைத் தொடாம ஒரு ஜாண் இடைவெளி விட்டு ஃபாயில் ஷீட்டையோ பாயையோ கட்டி, ரெண்டு முனையிலயும் சூடான காத்து வெளிய போக வழி விடுங்க. ஃபாயிலை இடைவெளி இல்லாம ஷீட்டோட ஒட்டிட்டா அது வேலையே செய்யாது, நிறைய இடத்துல இதைப் பாக்குறேன், காசு போட்டும் பலன் இல்ல. ஷீட்டு மேல தென்னங்கீத்து பரப்புறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யுறதுதான், குளிர்ச்சிக்கு அது நல்லது, ஆனா பக்கத்துல விறகு அடுப்பு, வெடி இருந்தா ஆபத்து.

கூரையைத் தடுத்துட்டு ஜன்னலைப் பூட்டி வச்சீங்கன்னா அதுவும் சரிப்படாது. வீட்டுக்குள்ள அடுப்பு, ஃப்ரிட்ஜ், டிவி, ஆளுக இருக்கிற சூடே தங்கிரும். பகல்ல வெயில் பக்கத்து ஜன்னலை மூடி, பொழுது சாய்ஞ்சதும் எல்லாத்தையும் திறந்து விடணும். கொசுவுக்கு வலை அடிங்க, வென்டிலேட்டரைச் சிமெண்ட் வச்சு அடைக்காதீங்க. இப்பக் கட்டுற வீட்டுல வென்டிலேட்டரே வேணாங்குறாங்க, அதை நான் ஒத்துக்கிறதே இல்ல.

கரண்டு கணக்கும் இருக்கு. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள நின்னா ஒரு கணக்கு, அதைத் தாண்டுனா கீழ உள்ள யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு கூடிரும். கோடையில ஏசி போடுற நடுத்தரக் குடும்பம் மாட்டிக்கிறது அந்த 500லதான். கூரை சரியா இருந்தா ஏசியை பிஇஇ சொல்ற 24 டிகிரியில வச்சாலே ரூம் சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் அப்பப்ப நிக்கும், அனல் இறங்குற ரூம்ல 18ல வச்சாலும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். 2024 மே 2ஆம் தேதி நம்ம மாநிலத்து மின்தேவை 20,830 மெகாவாட் வரைக்கும் போச்சு. அதுல எவ்வளவோ வீட்டுக் கூரைச் சூட்டை வெளிய தள்ளுறதுக்கே போயிருக்கும்.

அதனால அரசுக்கு உங்க பத்திரிகை மூலமா சிலது கேக்குறேன். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 2030க்குள்ள 8 லட்சம் வீடு கட்டுறதா 2024ல அறிவிச்சாங்க, ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி, அதுல 300 சதுர அடி கான்கிரீட் தளம். குடிசையில இருந்த குடும்பத்துக்கு அது பெரிய விஷயம், மழைக்கும் தீக்கும் பயம் இல்ல, மனசார வரவேற்கிறேன். ஆனா கீத்துக் கூரைக்குக் கீழ குளிர்ச்சியா படுத்தவங்க கான்கிரீட்டுக்குக் கீழ வந்து வேகக்கூடாது. 300 சதுர அடிக்கு ஒரு இஞ்ச் அட்டையும் மேல தட்டோடும் போடுறதுக்கான தொகையை அந்த மதிப்பீட்டுலயே சேத்துக் குடுங்க, அதுவும் முடியாதுன்னா வெள்ளைப் பெயிண்டையாவது கட்டாயமாக்குங்க. தளம் போடும்போதே செஞ்சா செலவு கம்மி, அப்புறம் அந்தக் குடும்பம் தனியா ஒருநாளும் செய்யாது. சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாதிரி வறண்ட மாவட்டத்துல முதல்ல ஆரம்பிக்கலாம்.

2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு நம்ம அரசு அறிவிச்சு, அதுல இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம்னு சொல்லியிருக்கு. இறந்தப்புறம் குடுக்கிறதுல ஒரு சின்னப் பங்கை இருக்கும்போதே கூரையில போட்டா அந்த உசுரு நிக்குமே. தெலங்கானாவுல 2023லேருந்து 2028 வரைக்கும்னு கூல் ரூஃபுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்துட்டாங்க, நம்மளும் கொண்டுவரலாம். 2025 செப்டம்பர்ல ஏசிக்கு ஜிஎஸ்டியை 28 சதவீதத்துலேருந்து 18க்கு இறக்குனாங்க, அதே மாதிரி இன்சுலேஷன் அட்டை, ராக்வூல், கூல் ரூஃப் பெயிண்டுக்கும் வரியை நல்லா இறக்குனா சாமான் கிராமத்து ஹார்டுவேர்ஸ் கடை வரைக்கும் வரும், இப்ப மதுரைக்கும் திருச்சிக்கும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கு.

காரைக்குடி இப்ப மாநகராட்சி ஆயிருச்சு. வீட்டு பிளான் அப்ரூவல் குடுக்கும்போது மழைநீர் சேகரிப்புத் தொட்டியைக் கேக்குறாங்கல்ல, அது மாதிரி கூரைக்கு என்ன போடுறீங்கன்னு ஒரு கட்டத்தை அந்த ஃபாரத்துல சேருங்க. அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில சிவில் படிக்கிற பிள்ளைக இருக்காங்க, ஐடிஐ பிள்ளைக இருக்காங்க, ஒரு தெருவுல வெள்ளை அடிச்ச வீடு, அடிக்காத வீடு, ஓட்டு வீடு, ஷீட்டு வீடுன்னு எடுத்துக் கோடை பூரா சீலிங் சூட்டை அளந்து ஊருக்குப் போட்டா, நான் சொல்றதை நம்பாதவங்க அந்தப் பிள்ளைக சொன்னா நம்புவாங்க.

எல்லாத்தையும் விட அவசரம் அங்கன்வாடி. ரெண்டு மூணு வயசுக் குழந்தைங்க மத்தியானம் தூங்குற கட்டடம், பெரும்பாலும் ஒத்தைத் தளம், மேல ஒண்ணும் இல்ல, ஒரு ஃபேன் சுத்தும். இந்தக் கோடை முடியுறதுக்குள்ள எல்லாத்துக்கும் இன்சுலேஷன் போட முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஊராட்சி நிதியில வெள்ளை மட்டுமாவது அடிக்கலாம். சாக்கோட்டை, கல்லல், கண்ணங்குடி ஒன்றியத்துல எந்த ஊர்ல கூப்பிட்டாலும் நானும் என்கூட வேலை பாக்குற கொத்தனாருகளும் கூலி வாங்காம வந்து அடிச்சுக் குடுக்குறோம், சுண்ணாம்பும் பிரஷ்ஷும் ஊர்ல ஏற்பாடு பண்ணட்டும், சித்திரை பிறக்குறதுக்கு முன்னாடி கூப்பிட்டா நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.